தேர்தல் மேடைக்குப் பந்தல் போடுகிறவர்களுக்குக் காப்புறுதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருபது வருடமாகத் தகரப்பந்தல், கதிரை, ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். கலியாண வீடு, செத்தவீடு, கோயில் திருவிழா, தேர்தல் வந்தால் பிரசாரக் கூட்டம். எந்தக் கட்சி கேட்டாலும் கொடுப்பேன்.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு முந்திய வாரம் ஒரு கூட்டத்துக்குப் பந்தல் போட்டோம். மாரி மழை விட்டபாடில்லை. ஐந்து மணிக்குக் கூட்டம் தொடங்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். என்னோடு வேலை செய்யும் பொடியன் ஈரக் குழாயில் ஏறி நின்று தகரத்துக்குக் கம்பி முறுக்கும்போது கால் வழுக்கி, கையை ஊன்றியபடி விழுந்தான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இலவசமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் இரண்டு மாதம் வேலை இல்லை. வீட்டில் தாயும் தங்கச்சியும் அவன் உழைப்பில்தான் இருக்கிறார்கள். நான் பாதி நாட்கூலி கொடுத்தேன், அதற்கு மேல் ஏலவில்லை. கூட்டம் வைத்தவர்கள் ஒருநாள் வந்து பார்த்தார்கள். தேர்தல் முடிவு வந்த பிறகு ஒருவரும் வரவில்லை.

அதே மழையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் அம்பிளிபயரும் பழுதாகின. கடைக்கு எடுத்த காப்புறுதிப் பத்திரத்தை விரித்துப் பார்த்தேன். கடை விலாசத்தில் இருக்கும் சாமானுக்குத்தான் அது செல்லுமாம், லொறியில் ஏற்றி வெளியே கொண்டு போனதற்கு இல்லை. கல்லெறி, கலவரத்தில் உடைந்தால் அதற்கும் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். ஆட்களை ஏற்றும் வான்காரரும் இதைக் கவனியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்குத்தான், உங்கள் வானின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது.

வேட்பாளர்களும் அவர்களுடைய முகவர்களும் இதை யோசிக்க வேண்டும். 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவினச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் நீங்கள் செலவுக் கணக்குக் காட்டுகிறீர்கள். பந்தல் வாடகையும் துண்டுப்பிரசுரம் அச்சடித்த காசும் அதில் வருகின்றன. விபத்துக் காப்புறுதி என்று ஒரு வரியும் வரட்டும். பந்தல் போடுபவர், ஜெனரேற்றருக்கு வயர் இழுப்பவர், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் பிள்ளைகள் என்று எல்லாருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, பிரசாரம் முடியும் வரைக்குமாவது ஒரு குழுக் காப்புறுதி எடுங்கள். மேடைக் கம்பம் சனத்தின் மேல் சரிந்தால் யார் பொறுப்பு என்பதையும் முற்பணம் தரும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள்.

அந்தத் தாள் இல்லாமல் இனி எந்தக் கூட்டத்துக்கும் நான் தகரம் ஏற்ற மாட்டேன். மற்றப் பந்தல்காரரிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன். பொடியனுக்குக் கை பொருந்திவிட்டது. ஆனால் கம்பி முறுக்கும் குறட்டை இறுக்கிப் பிடிக்க இன்னும் முடியவில்லை, இப்போது கதிரை அடுக்குகிறான்.

பந்தல் வாடகைக்காரன்,
சுன்னாகம்.