சத்தம் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பம்மல் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரிப்புள்ளி விழுகிறது, விமானத்தின் வேலைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய். நானும் இங்கே லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு வருஷமாக அதே கிறுக்கோடுதான் திரிகிறேன்.

வீடு ஹீத்ரோ விமான நிலையத்தின் தெற்கு ஓடுபாதைக்கு நேர் கிழக்கே. மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் நாட்களில் மதியம் 3 மணிக்கு லேண்டிங் ஒரு ஓடுபாதையிலிருந்து மற்றதற்கு மாறும், அதனால் பாதி நாள் நிம்மதி. சரி, எது எப்போது போகிறது என்று பார்ப்போமே என்று ரேடியோ சமிக்ஞை வாங்கும் ஒரு டாங்கிள், ஒரு சின்ன ஆன்டெனா, ராஸ்பெரி பை என்கிற பழைய குட்டிக் கணினி ஒன்று, மூன்றையும் சேர்த்து ஜன்னலில் வைத்தேன். விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தாங்களே கத்திக்கொண்டு போகின்றன: இடம், உயரம், வேகம், தன் எண், எல்லாம். எண்ணைத் தேடினால் எந்த ரகம் என்று தெரியும், ரகம் தெரிந்தால் என்ன எஞ்சின் என்று பிடிக்கலாம். எஞ்சின் எந்த வேகத்தில் எவ்வளவு புகை விடும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் பட்டியலே இருக்கிறது.

பக்கத்தில் ஒரு மலிவான தூசுமானியும் மாட்டினேன், பிஎம் 2.5 என்கிற நுண்தூசைக் காட்டுகிற ரகம். ஒவ்வொரு விமானத்துக்கும் எண் ஒரு குதி குதிக்கும் என்று நினைத்தேன். ம்ஹூம். ஒரு வாரத்தில் அது உருப்படியாகக் குதித்தது, என் மனைவி தோசைக்கல்லைக் காய வைத்து மறந்துபோன அன்றைக்குத்தான்.

பிறகுதான் புரிந்தது. அந்தப் பெட்டி தூசை எடைக்கணக்கில்தான் காட்டும். ஜெட் புகையின் துகள் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் கீழே, கோடிக்கணக்கில் இருந்தாலும் எடையே இருக்காது. எண்ணிப் பார்க்கிற கருவி வேண்டும், அதன் விலையைக் கேட்டால் நீ என்னைப் பைத்தியம் என்பாய். லாஸ் ஏஞ்சலஸில் அதைக் காரில் வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். 2014-ல் வந்த ஆய்வு: விமான நிலையத்திலிருந்து காற்று அடித்துப் போகிற பக்கம் 10 கிலோமீட்டர் வரையிலும் துகள் எண்ணிக்கை 4 மடங்கு. உன் கரிப்புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது இல்லையா, அதனாலேயே அது விமானத்தினுடையதாக இருக்காது என்பது என் கட்சி. டீசல் லாரியையோ குப்பை எரிப்பதையோ சந்தேகப்படு.

இதைவிட வேடிக்கை ஒன்று. கிழக்கிலிருந்து கீழ்க்காற்று அடிக்கும் நாட்களில் இங்கே டேக் ஆஃப் எங்கள் தலைக்கு மேல், டம்ளர் அதிரும். ஆனால் ஓடுபாதைப் புகையை அந்தக் காற்று அந்தப் பக்கம் ஸ்டான்வெல்லுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மேல்காற்று நாளில் சத்தம் குறைவு, புகைதான் எங்களுக்கு, காலையில் கதவைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. என் பெட்டியோ நேர்மாறாகக் கீழ்க்காற்று நாளில்தான் அதிகம் காட்டும், ஏனென்றால் ஐரோப்பாவின் தூசும் லண்டனின் தூசும் அந்தக் காற்றோடு சேர்ந்து வருகின்றன! விமானத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு நான் முதல் இரண்டு மாதம் போட்ட கணக்கெல்லாம் குப்பை.

தரவிலும் ஓட்டை உண்டு. தரையில் ஊர்கிற விமானத்தை என் ஆன்டெனா பார்க்காது, நடுவே கட்டடங்கள். ஆனால் அங்கேதான் எஞ்சின் அரைகுறையாக எரித்து வாடையைக் கிளப்புகிறது. பொதுக் கணக்கில் ஊர்வதற்கு 26 நிமிஷம் என்று வைத்திருக்கிறார்கள், நிஜத்தில் வரிசையைப் பொறுத்தது. ஓடுபாதையருகே ரிசீவர் இருப்பவர்கள் உண்மையான நேரத்தை எடுத்துவிடலாம். அப்போதும் ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு ஊர்கிறதா, எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறது, ஒன்றும் அந்தச் சமிக்ஞையில் வராது.

2025 மார்ச் 21, ஹேஸ் துணைமின்நிலையம் எரிந்து ஹீத்ரோவை மூடினார்களே, அன்று லீவு போட்டுவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தேன். மாலை வரை ஓடுபாதைப் பக்கம் ஈ காக்கை இல்லை. பெட்டி அசையவில்லை, வழக்கமான எண்ணையே காட்டியது. சாலை அப்படியே ஓடிக்கொண்டிருந்ததே.

ஆகவே நீ இப்போதைக்கு எதுவும் வாங்காதே. நீ சென்னை ஓடுபாதைக்குத் தென்மேற்கே இருக்கிறாய், வடகிழக்குப் பருவக்காற்று மாதங்கள்தான் உனக்குக் கணக்கு. டிசம்பரில் வரும்போது என்னிடம் கூடுதலாக இருக்கும் ஆன்டெனாவை எடுத்து வருகிறேன். அதுவரை அந்த வேட்டி கொடியில் எந்தப் பக்கம் பறக்கிறது, அன்று வாடை வந்ததா, இரண்டை மட்டும் தினமும் காலண்டரில் குறித்து வை.

அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? எழுது.

முரளி