ஆல்ட்ஹைமர் எக் தெருவுக்கு ஒருநாள் போய் வா

அன்புள்ள கண்ணு,

நலம், நலமறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது மியூனிக்கின் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் நிற்பதாகச் சொன்னாய். அங்கிருந்து பொடிநடையாகப் போனால் ஆல்ட்ஹைமர் எக் தெரு வரும். 'மியூன்ஷனர் போஸ்ட்' பத்திரிகை இருந்த இடம் அது. சமூக ஜனநாயகக் கட்சியின் நாளேடு.

மியூனிக்கில் அந்தக் கட்சிப் பேப்பரை நடத்துவது லேசான காரியமில்லை. 1919 பிப்ரவரியில் பவேரியா மாநில முதலமைச்சர் குர்ட் ஐஸ்னரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து அங்கேயே வந்த சோவியத் குடியரசைப் படை வைத்து நசுக்கினார்கள். 1920-லிருந்து பவேரிய ஆட்சி வலதுசாரிகள் கையில். அப்படிப்பட்ட ஊரில் இவர்கள் ஹிட்லர் கட்சியின் உள்விவகாரங்களையும் அரசியல் கொலைகளையும் விடாமல் எழுதினார்கள். 'விஷச் சமையல்கட்டு' என்று நாஜிகள் பெயர் வைத்தார்கள். 1923 நவம்பரில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்த ராத்திரியில் அவர்களுடைய ஆட்கள் போய் நொறுக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

1931 டிசம்பர் 9-ம் தேதி, யூதர்களை நாஜிகள் என்ன செய்யப் போகிறார்கள் என்ற ரகசியத் திட்டத்தையே வெளியிட்டார்கள். யூதர்களைக் கொன்று குவித்ததற்கு நாஜிகள் பின்னாளில் வைத்த பெயரான 'இறுதித் தீர்வு' என்ற சொல் அன்றைக்கே அச்சில் வந்துவிட்டது, கண்ணு. பத்து வருஷம் முன்னாலேயே! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அந்தப் பேப்பரை வாங்கியவர்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்கள், தொழிற்சங்கத் தொழிலாளர்கள். மற்றவர்களுக்கு "கட்சிப் பேப்பர், அப்படித்தான் எழுதும்" என்று ஒதுக்கிவிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கட்சியின் பெயரால்தான் பேப்பர் நடந்தது. அதே பெயர்தான் பக்கத்து வீட்டுக் கதவையும் சாத்தியது.

1933 மார்ச் 9-ல் நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. படையினர் புகுந்து எல்லாவற்றையும் உடைத்து, ஈய அச்செழுத்துகளைத் தெருவில் கொட்டினார்கள். முப்பது வருஷம் அச்சுக்கோத்தவன் நான். எழுத்து அடுக்கும் ஒரு கேஸ் கை தவறிக் கவிழ்ந்தாலே க, ங, ச என்று பொறுக்கிப் பொறுக்கி அறையறையாகப் போட ஒரு நாள் போய்விடும். ஒரு அச்சகத்தின் ஈயம் மொத்தமும் கல் பாவிய தெருவில் கிடந்ததை நினைத்தால் விரல் நடுங்குகிறது.

அப்புறம் இன்னொன்று. அங்கே அரசியல் ஆசிரியராக இருந்த எட்மண்ட் கோல்ட்ஷாக் 1945-ல் 'சூட்டாய்ச்ச சைட்டுங்' நாளேட்டைத் தொடங்கிய மூவரில் ஒருவர். அக்டோபர் 6-ம் தேதி, ஹிட்லரின் 'மைன் காம்ப்' புத்தகத்தை அச்சிட்ட ஈயத் தகடுகளை உருக்கி அந்த முதல் இதழுக்குத் தகடு வார்த்தார்கள். உன் வீட்டுப் பக்கத்துக் கடையில் அந்தப் பேப்பர் கிடைக்கும். ஒன்று வாங்கி அனுப்பு.

அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா