முதல் பியானோ வகுப்புக்கு முன்னால்

ஆசிரியருக்கு,

வணக்கம். நான் சிறுவர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவள். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பலர், முதல் வகுப்புக்கு முன்பே யூடியூபைப் பார்த்து ஒரு பாட்டைப் பழக்கி, கட்டைகள் முழுக்க சுரப் பெயர் எழுதிய ஸ்டிக்கரும் ஒட்டிவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் ஒற்றை விரலால் குத்திக் குத்தி வாசித்துப் பழகிய கையைத் திருத்துவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பாட்டு எங்கள் வேலை, விட்டுவிடுங்கள். உங்களால் மட்டுமே முடிகிற வேலைகள் வீட்டில் நிறைய இருக்கின்றன.

முதலில் உட்காரும் உயரம். இதை யாருமே கவனிப்பதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். பிள்ளை கட்டைகள் மேல் கையை வைத்தால் முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரவேண்டும், முன்கை தரைக்குக் கிடையாக இருக்கவேண்டும். தாழ்வாக உட்கார்ந்தால் மணிக்கட்டு தொங்கும், தோள் காதுவரை ஏறும், கொஞ்ச நேரத்தில் ‘கை வலிக்குது’ என்று எழுந்து போய்விடும், நாம் உடனே சோம்பேறி என்று திட்டுவோம். மெத்து மெத்தென்ற தலையணை வேண்டாம், அழுந்தாத கெட்டியான எதையாவது போட்டு உயர்த்துங்கள். அப்புறம் கால். அந்தரத்தில் ஆடுகிற காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி, அல்லது கனமான பெட்டி. கால் ஊன்றினால்தான் முதுகு நிற்கும். கட்டில்மேல் கீபோர்டை வைத்துச் சம்மணமிட்டு வாசிப்பது வேண்டவே வேண்டாம்.

கருவி எது வாங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பியானோவில் 88 கட்டைகள், 52 வெள்ளை, 36 கறுப்பு. தொடக்கத்துக்கு 61 கட்டைக் கீபோர்டே தாராளம், எண்ணிக்கை பிரச்சினையே இல்லை, பிரச்சினை கட்டையின் கனம்தான். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் போய்க் கம்பியை அடிக்கிறது, வேகமாக அழுத்தினால் சத்தம் பெரிதாக வரும், மெதுவாக அழுத்தினால் சின்னதாக வரும். காற்றுபோல் லேசான பிளாஸ்டிக் கட்டையில், எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம் வரும் கருவியில் பழகிய பிள்ளை, வகுப்பில் நிஜப் பியானோவைத் தொட்டதும் திணறிப்போகும். முடிந்தால் ‘வெயிட்டட் கீஸ்’, அதாவது நிஜப் பியானோபோல் கனமான கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோ. முடியாவிட்டால் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறுகிற கீபோர்டாவது வாங்குங்கள்.

விரல் எண்களை விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5, இரண்டு கைக்கும் இதே கணக்கு. காகிதத்தில் கையை வைத்து வரைந்து எண் போடச் சொல்லுங்கள், பிறகு திடீரென்று ‘இடது கை மூணு!’ என்று கேளுங்கள். இடது வலது இன்னும் தடுமாறுகிறதா, சரி, அதுதான் முதல் பாடம், வகுப்பு கொஞ்சம் தள்ளிப்போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கூட்டம் கூட்டமாக நிற்பதைக் காட்டி இரட்டைகளை மட்டும் தேடச் சொல்லலாம், ஒவ்வொரு இரட்டைக்கும் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைதான் ‘சி’ என்ற சுரம். இது தெரிந்த பிள்ளைக்கு ஸ்டிக்கர் எதற்கு?

நகத்தை ஒட்ட வெட்டி அனுப்புங்கள், நகம் நீண்டால் விரல் வளையாது.

பயிற்சிக்குத் தினமும் 10 நிமிடம் போதும், ஆனால் தினமும். ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு வகுப்புக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் பிழிந்தெடுப்பதில் அழுகைதான் மிச்சம். விருந்தாளி வந்தவுடன் ‘எங்கே, ஒண்ணு வாசிச்சுக் காட்டு’ என்பதையும் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். அதைவிட, முதல் சில வகுப்புகளில் ஓரமாக உட்கார ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். ஆசிரியர் நோட்டில் எழுதித்தருவதை வீட்டில் எப்படிச் செய்யவேண்டும் என்று பிள்ளைக்கு மறந்தாலும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை