ஞாயிறு போட்டி முடிவும் மைதானச் செய்தியும்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு குழியிலும் புள்ளி சேர்க்கும் கோல்ஃப் முறையான ஸ்டேபிள்ஃபோர்டில் நடந்த மாதாந்திரப் போட்டியில் இருவர் 38 புள்ளியுடன் சமன். கடைசி 9 குழிகளில் 20க்கு 19 என்று முந்திய, நம் இளையோர் பயிற்சியில் வளர்ந்த பெண்ணுக்கே முதல் பரிசு. 18ஆவது குழியில் பங்கர் என்னும் மணல் பள்ளத்திலிருந்து அவர் எடுத்த பந்து கொடிக்கு ஓரடி தள்ளி நின்றதே, கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மனமார்ந்த வாழ்த்துகள்! சமனானால் கடைசி 9 குழிகளின் புள்ளி, அதிலும் சமன் என்றால் கடைசி 6, 3, 1 என்று பார்ப்பதுதான் வழக்கம். சிலர் கேட்டதால் சொல்கிறேன். முழுப் பட்டியல் கிளப்ஹவுஸ் பலகையில்.

அப்புறம், மைதானம். வடகிழக்குப் பருவமழையில் 4, 11ஆவது குழிகளின் ஃபேர்வேக்கள் (குழிக்குப் போகும் வழியில் புல்லைக் குட்டையாக வெட்டிய பகுதி) சொதசொதவென்று இருக்கின்றன. மறு அறிவிப்பு வரை, ஃபேர்வேயில் கிடக்கும் பந்தை எடுத்துத் துடைத்து, ஒரு ஸ்கோர்கார்டு நீளத்துக்குள், குழிக்கு இன்னும் அருகே போகாமல் வைத்து ஆடலாம். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். ஃபேர்வேக்கு வெளியே புல் உயரமாக இருக்கும் ரஃப்பில் இந்தச் சலுகை கிடையாது. ஆனால் விழுந்த வேகத்தில் மண்ணுக்குள் புதைந்த பந்தை கோல்ஃப் விதி 16.3படி அபராதமின்றி எடுத்து டிராப் செய்யலாம் (கையிலிருந்து கீழே விடலாம்). வண்டிகள் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

முக்கியமாக ஒன்று: ஈரமான க்ரீனில் (குழியைச் சுற்றியுள்ள மென்புல் தளத்தில்) பந்து விழுந்த தழும்பை உடனே சரிசெய்யுங்கள். ஓரங்களை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். அடியிலிருந்து நெம்பினால் வேர் அறுந்து புல் காய்ந்துவிடும். விடியுமுன் வந்து உழைக்கும் நம் மைதானப் பணியாளர்களின் பாடு வீணாகும்.

அடுத்த போட்டிக்கு வெள்ளி மாலைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.