ராவாங் அறைக்கு இன்னும் பணம் கட்டாதே, பாப்பா

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறையின் படங்களை நானும் அம்மாவும் பார்த்தோம். மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்), கோலாலம்பூருக்கு வெளியே ராவாங், ரயில் நிலையத்துக்குப் பக்கம், "இருக்கிறதிலேயே இதுதான் மலிவுப்பா" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் பல் மருத்துவ ஃபேக்கல்ட்டி கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது என்று நீ பாதியில் வைக்க வேண்டிவரும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாக முழுதும் படி.

அந்த அறை வேண்டாம்.

எங்களுக்குச் சுமை வேண்டாம் என்றுதான் அதைத் தேடிப் பிடித்திருக்கிறாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீ வாடகையை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறாய். ராவாங்கில் கொமுட்டர் ரயில் ஏறி, அப்துல்லா ஹுக்குமில் இறங்கி எல்ஆர்டி ரயிலுக்கு மாறி, கெரிஞ்சி தாண்டி யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஃபேக்கல்ட்டிக்குப் போக வேண்டும். நீ மாதம் 50 வெள்ளிக்கு வாங்கும் மை50 பாஸ் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். கொமுட்டர் கேடிஎம் ரயில் கம்பெனியுடையது, அதற்குச் செல்லாது. அப்படியென்றால் பாஸுக்கும் காசு, கொமுட்டருக்கும் தனிக் காசு. ஒரு நாள் மழையில் ரயில் தாமதமாகி நீ பதறிப்போய் கிராப் கார் கூப்பிட்டால் அன்றைக்கே பல நாள் சாப்பாட்டுக் காசு போய்விடும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்ததாக நீ நினைக்கும் பணத்தில் பாதிகூடக் கையில் நிற்காது.

பணத்தை விடு, நேரத்தைப் பார். முதல் இரண்டு வருடம் புத்தகம், மெழுகில் பல் செதுக்குவது, பொம்மைத் தலையில் பழகுவது என்று போனது. இனி நாற்காலியில் உண்மையான மனுஷர் வாயைத் திறந்துகொண்டு உட்காரப் போகிறார். லாக்புக்கில் இத்தனை ஃபில்லிங், இத்தனை ரூட் கெனால், இத்தனை பல் செட் முடித்திருக்க வேண்டும், நோயாளி வராமல் போனாலும் கணக்கு நம் தலையில்தான் என்று நீயே சொன்னாய். காலை 9 மணிக்கு நோயாளி என்றால் நீ அதற்கு வெகு முன்னாலேயே போய்க் கருவிகளை எடுத்து வைத்து, கோப்பைப் பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். ராவாங்கில் இருந்து அதற்கு இருட்டில் எழுந்திருக்க வேண்டும், இரவு திரும்பிவர எத்தனை மணியாகுமோ. ஒரு வாரம் தாங்குவாய். மூன்று வருடம் தாங்க முடியாது.

உன் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டின கதையை நீ நிறையக் கேட்டிருக்கிறாய், ஆனால் அவள் எத்தனை மணிக்குப் படுப்பாள் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இரவு எட்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவாள், வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓடாது, அதனால் விடியும் முன்பே நிறை, அதாவது தன் மர வரிசை, பிடிக்க வேண்டும், அந்த இருட்டில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு அந்த இடம் முடிச்சு முடிச்சாகிவிடும், மறுபடியும் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. தூங்காத கையோடு மரத்தைத் தொடக்கூடாது என்பாள். உன் வேலையும் அப்படித்தான் எனக்குப் படுகிறது, அதுவும் உன் கைக்குக் கீழே இருக்கப்போவது மரம் இல்லை. உன் தூக்கத்துக்குத்தான் அப்பா வாடகை கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்.

சரி, எங்கே தேடுவது? நான் லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்கும் தோட்டத்துக்கும் ஓடுகிறவன், கோலாலம்பூர் எனக்கு அத்துப்படி இல்லை. ஆனாலும் பிள்ளைகளை அங்கே படிக்க வைத்த இந்த ஊர்க்காரர்களிடம் விசாரித்தேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான், ரயில் மாறாமல் போகிற இடமாகப் பார். கெலானா ஜெயா எல்ஆர்டி பாதை ஒரே கோடு. யுனிவர்சிட்டி நிலையத்துக்கு இந்தப் பக்கம் தாமான் ஜெயா, ஏசியா ஜெயா, தாமான் பாராமவுண்ட், தாமான் பஹாகியா. அந்தப் பக்கம் செத்தியாவங்சா, வங்சா மாஜு, தாமான் மெலாத்தி. வங்சா மாஜு பக்கம் மாணவர்கள் நிறைய இருப்பதால் அறைகளும் நிறைய, தூரம் கூடினாலும் ஏறி உட்கார்ந்தால் யுனிவர்சிட்டியில் இறங்கலாம், மை50 போதும். நடந்தோ பஸ்ஸிலோ போகிற தூரம் வேண்டுமென்றால் செக்‌ஷன் 17, கெரிஞ்சி, பந்தாய் டாலாம். நீ அனுப்பிய பட்டியலிலேயே செக்‌ஷன் 17-ல் 600 வெள்ளிக்கு ஓர் அறை இருந்தது, விலையைப் பார்த்துப் பயந்து அதைத் தள்ளிவிட்டிருப்பாய். அதை மறுபடியும் எடுத்துப் பார்.

பூச்சோங்கில் மாமா வீடு இருக்கிறதே என்று அம்மா சொல்கிறாள். மாமாவும் அத்தையும் மனதாரத்தான் கூப்பிடுகிறார்கள். புத்ரா ஹைட்ஸில் மாறினால் ரயிலும் இருக்கிறது, பாஸும் செல்லும், வாடகை கிடையாது. அறை அமையும் வரை ஒரு மாதம், இரண்டு மாதம் அங்கே இரு, அதில் ஒன்றும் தப்பில்லை. மூன்று வருடத்துக்கு வேண்டாம் என்பது என் முடிவு. அத்தை அடுப்படியில் நிற்கும்போது நீ அறைக்குள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க உனக்கு மனசு வராது, வரவும் கூடாது, அப்படித்தான் உன்னை வளர்த்திருக்கிறோம். அங்கே வருகிற விருந்தாளிக்கெல்லாம் நீ கோப்பி கலக்க வேண்டியிருக்கும், மறுநாள் பரீட்சை இருந்தாலும். உறவு நல்லபடியாக நிற்க வேண்டுமென்றால் கொஞ்ச நாள் தங்கி, சிரித்த முகத்தோடு கிளம்பிவிட வேண்டும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். விளம்பரங்களில் "இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்ற வரியைப் பார்த்து நீ அழுததாக அம்மா சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, பரவாயில்லை. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. நீ இந்த நாட்டில் பிறந்தவள், நானும் பிறந்தவன், என் அப்பா அம்மாவும் இங்கேதான் பிறந்தார்கள், நாளைக்கு அந்த வீட்டுக்காரருக்கே பல் வலி வந்தால் நீ இனம் பார்க்காமல் குனிந்து வைத்தியம் பார்க்கப் போகிறவள். வாடகைக்கு விடுகிறவர் இப்படி எழுதுவதைத் தடுக்க நம் நாட்டில் இன்றைக்கு ஒரு சட்டம் இல்லை. அது பெரிய அநியாயம், மாற வேண்டும், மாறவில்லையே என்று கோபப்படுவதும் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் அந்த வாசல்களில் போய் உன் நேரத்தை விடாதே. போனை எடுத்ததும் பெயரைச் சொல், தமிழ்ப் பெண் என்று சொல், இழுத்தால் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போ. ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதே. "நான் சமைக்க மாட்டேன், கறி வாசம் வராது, சாமி விளக்கு வைக்க மாட்டேன்" என்று நீயாகச் சொல்லி யாரிடமும் கெஞ்சாதே. அப்படி வாங்கின அறையில் நீ நிம்மதியாக ஒரு ரசம்கூட வைக்க முடியாது. கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சீன வீட்டுக்காரர், மலாய் வீட்டுக்காரர் அறைகளில் வருடக்கணக்கில் நன்றாக இருந்திருக்கிறார்கள்.

சமையல் என்றதும் ஞாபகம் வருகிறது, "லைட் குக்கிங்" என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று தெளிவாகக் கேள். வெளியிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டால் வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போகும்.

அறையைப் பார்க்கப் போகும்போது பகலில் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை போ. நிலையத்தில் இருந்து வாசல் வரை நடந்து பார், தெருவிளக்கு எரிகிறதா, ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று. அறைக்கு ஜன்னல் இருக்க வேண்டும். ஹாலைப் பலகையால் தடுத்து அறை அறையாக விடுகிறார்கள், அந்த மாதிரி ஜன்னல் இல்லாத பெட்டிக்குள் என் மகள் இருக்க வேண்டாம், தீப்பிடித்தால் ஓட வழி இல்லை. கிரில் பூட்டின் சாவி உன் கையில் இருக்குமா என்று கேள். குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார். நீ மெழுகு செதுக்கவும் படிக்கவும் ஒரு மேசை போடுகிற இடம் இருக்கிறதா, மேலே நல்ல வெளிச்சம் இருக்கிறதா பார். பெண்கள் மட்டும் இருக்கிற வீடு என்று சொன்னால் யார் யார் என்று நேரில் பார்த்துப் பேசு.

கூடப் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து முழு வீடாக எடுக்கலாம் என்றும் சொன்னாய். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் படிப்பீர்கள், தலைக்கு வாடகையும் குறையும். ஆனால் ஒப்பந்தத்தில் நாலு பேர் பெயரும் இருக்க வேண்டும். உன் பெயர் மட்டும் இருந்தால் ஒருத்தி பாதியில் போய்விட்டாலும் அவள் பங்கையும் நீதான் கட்ட வேண்டிவரும்.

காகிதத்தை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தெரியும். நாங்கள் இருந்த தோட்டம் கை மாறினபோது, தலைமுறை தலைமுறையாக இருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் கையில் இருந்தது சம்பளச் சீட்டு மட்டும். வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போனது. நம் சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினதே இந்த வேதனையைப் பார்த்துத்தான். தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தெருவில் நிற்க இருந்த தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள், உன் பாட்டியும் அதில் பணம் போட்டாள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அவர் பெயரில் ஒரு மோனோரயில் நிலையம் இருக்கிறது, நீ அதைத் தாண்டிப் போயிருப்பாய்.

அதனால் இதைக் கவனமாகச் செய். அறையை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட யாருக்கும் போடாதே, "இன்னொருவர் கேட்கிறார், இப்போதே புக்கிங் பணம் போட்டால் பிடித்து வைக்கிறேன்" என்று அவசரப்படுத்துகிறவரை நம்பாதே. ஏஜெண்ட் என்று வந்தால் அவருடைய ஆர்இஎன் பதிவு எண்ணைக் கேள், சொத்து முகவர்களைப் பதிவு செய்கிற வாரியத்தின் இணையதளத்தில் அது இருக்கிறதா பார். பணம் போடச் சொல்லும் பேங்க் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார், முன்பே புகார் வந்த எண் என்றால் காட்டும். அப்படியும் ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு எங்களிடம் மறைக்காமல் உடனே மோசடிப் புகார் எண் 997-க்குப் போன் செய், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு. விடுகிறவர் வீட்டுக்குச் சொந்தக்காரரா, இல்லை அவரே வாடகைக்கு இருந்துகொண்டு உனக்கு உள்வாடகை விடுகிறாரா என்று கேள். உள்வாடகை என்றால் சொந்தக்காரருடைய சம்மதத்தை எழுத்தில் பார். ஒப்பந்தத்துக்கு வருமான வரி வாரியத்தில் ஸ்டாம்ப் அடிக்க வேண்டும், அடித்தால்தான் நாளைக்கு வழக்கு என்று வந்தால் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள். குடிபோகிற அன்றைக்கே சுவர், மெத்தை, குளியலறை, மின்சார மீட்டர் எல்லாவற்றையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வை. காலி செய்யும்போது டெபாசிட்டைப் பிடிக்க இது ஓட்டை, அது கறை என்று சொல்ல முடியாது.

டெபாசிட்டைப் பற்றித்தான் நீ ராத்திரி தூங்காமல் யோசிக்கிறாய் என்று நினைக்கிறேன். வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. 600 வெள்ளி அறை என்றால் 1200, 300, 600, முதல் நாளே மொத்தம் 2100 வெள்ளி. தனி அறைக்குச் சிலர் ஒரு மாத டெபாசிட்டோடு விடுவார்கள், கேட்டுப் பார், கேட்பதில் குறைச்சல் இல்லை. அந்தப் பணத்தை நான் தருகிறேன். ஊழியர் சேமநிதியில் ஃபிளெக்சிபல் கணக்கு என்று 2024-ல் பிரித்தார்களே, அதில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வயசான காலத்துக்கு வேண்டுமே என்று நீ பேச வேண்டாம். மாத வாடகையில் பாதியை அம்மாவும் நானும் அனுப்புகிறோம், பாதி உன் பிடிபிடிஎன் படிப்புக் கடன் பணத்தில். அந்தப் பணம் செமஸ்டருக்கு ஒரு முறை வரும், வாடகை மாதா மாதம் கேட்கும், அதனால் வந்த அன்றைக்கே ஆறு மாத வாடகைப் பங்கை வேறு கணக்கில் ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைத் தொட வேண்டும்.

வருகிற சனிக்கிழமை லோரிக்கு லீவு சொல்லிவிட்டேன். ஈப்போவில் இருந்து இடிஎஸ் ரயில் ஏறி வருகிறேன், கேஎல் சென்ட்ரலில் நின்றுகொள். செக்‌ஷன் 17 அறையையும் கெரிஞ்சியில் ஒன்றையும் பார்க்க நேரம் வாங்கி வை, வங்சா மாஜுவில் ஏதாவது கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள். ராவாங்காரருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பிவிட்டு எனக்குச் சொல். அம்மா இடியாப்ப மாவும் மிளகாய்த் தூளும் கட்டி வைத்திருக்கிறாள், வேறு என்ன வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுது.

அன்புடன்,
அப்பா