முட்டை ஓடும் பேஸ்ட்டும்

தருமபுரி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே! முழங்கால் வலிக்குத் தைலமே போதும் என்று இருந்துவிடாதே, டாக்டரிடம் ஒருமுறை காட்டு.

இங்கே பள்ளியில் அறிவியல் கண்காட்சி முடிந்தது. எந்தப் பேஸ்ட் பல்லை நன்றாகக் காக்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சோதனை செய்தார்கள். வழக்கமான முறைதான்: முட்டைக்குப் பேஸ்ட் பூசி வினிகரில் போடுவது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் குமிழி விட்டுக் கரையும். எது குறைவாகக் கரைகிறதோ அந்தப் பேஸ்ட்டுக்குப் பரிசு!

முதல் நாளே குழப்பம். மறுநாள் எடை போட்டால், ஓடு கரைந்த முட்டை எடை கூடி நிற்கிறது. ஓடு போனதும் சவ்வு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி முட்டை உப்பிவிடும் அல்லவா? பிள்ளைகள் தராசைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

அப்புறம் ஒரு பெண், முட்டையே இல்லாமல் பேஸ்ட்டை மட்டும் ஒரு டம்ளர் வினிகரில் பிதுக்கிப் பார்த்தாள். அதுவும் நுரைத்தது! நம் ஊர்ப் பேஸ்ட் பலவற்றில் தேய்ப்பதற்குச் சேர்ப்பது சுண்ணாம்புத் தூள், அதாவது ஓட்டில் இருக்கிற அதே பொருள். அது வினிகரின் அமிலத்தைத் தின்றுவிட்டால் முட்டை தப்பிக்கும்தானே. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அந்தக் கண்காட்சியில் வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை.

பிறகு முறையை மாற்றினோம். முழு முட்டைக்குப் பதில் ஓட்டுத் துண்டுகள். பூசி ஊறவைத்து, பேஸ்ட்டை நன்றாகக் கழுவிவிட்டு வினிகரில் போடுவது. ஒப்பிட்டுப் பார்க்கப் பூசாத துண்டு ஒன்றும் கூடவே இருக்கும்.

ஆனாலும் ஓடு வேறு, பல் வேறு. பல்லின் மேலுறையான எனாமல் கால்சியம் பாஸ்பேட் வகை. பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால்தான், அதாவது அமிலத்தன்மை அந்த அளவுக்கு ஏறினால்தான், கரையத் தொடங்கும். கரைந்ததில் கொஞ்சத்தை எச்சில் திரும்பப் படியவைக்கும், பேஸ்ட்டில் சேர்க்கும் ஃப்ளோரைடு அந்த வேலைக்குக் கைகொடுக்கும். டம்ளரில் எச்சில் ஏது?

ஒரு பையன் கேட்டான்: "சார், நம்ம ஊர்த் தண்ணியிலயே ஃப்ளோரைடு இருக்கே, அப்ப பேஸ்ட் எதுக்கு?" அவன் பல்லிலும் பழுப்புக் கோடுகள். ஒகேனக்கல் குடிநீர் வருமுன் போர்த் தண்ணீரையே குடித்த ஊர்கள்தானே இவை. பல் உருவாகிற வயதில் தினமும் விழுங்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் கறை விழும். அந்த வயது கடந்தபின் புதிதாக விழாது. பேஸ்ட்டில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) வரை இருந்தாலும் துப்பிவிடுகிறோம். சின்னக் குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள் என்றுதான் பட்டாணி அளவு போதும் என்கிறார்கள். உன் பேத்திக்கும் நாளை அதேதான். பையன் தலையாட்டினான், முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுத் துண்டின் எடைக் குறைவு எங்கள் பள்ளித் தராசில் விழுவதே இல்லை. உன் பட்டறையில் மில்லிகிராம் காட்டும் பழைய தராசு ஒன்று சும்மா கிடக்கிறது என்றாயே, அதை ஒரு மாதம் தருவாயா? சேலத்துக்கு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தங்கச்சியிடம் சொல்லி வை, மதியச் சாப்பாடு உன் வீட்டில்தான்.

அன்புடன்,
ராஜு