ஜவுளிக்கடை ஊழியர் சங்கம், மதுரை: 2024 ஆண்டறிக்கை

தலைவருக்கும், வந்திருக்கிற தோழர்களுக்கும், வராம வாட்சப்ல கும்பிடு மட்டும் போட்ட தோழர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நாலு தடவ கூட்டுனோம், ரெண்டு தடவ கோரம் இல்ல, அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆளு சேரல. மே தினத்துக்கு விளக்குத்தூண்கிட்ட கொடி ஏத்தி மிட்டாய் குடுத்தோம். பேச வந்த தோழர் 1918ல பெரம்பூர் மில்லுக்காரங்களுக்கு வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் கட்டுனதுல ஆரம்பிச்சு 1923ல சிங்காரவேலர் சென்னையில கொண்டாடுன மொத மே தினத்துக்கு வர்றதுக்குள்ள பாதிப்பேரு கடை தொறக்கணும்னு கெளம்பிட்டாங்க. மே 1 சம்பளத்தோட லீவுன்னு சட்டம் இருக்கு, அது தனிக்கதை.

இனி ஸ்டூல் விஷயம். செக்ரட்டரி ஸ்டூலுக்கு அலைஞ்சே வருஷத்த ஓட்டிட்டாருன்னு ஒரு பேச்சு என் காதுக்கும் வந்துச்சு. ஆமா அலைஞ்சேன். 1947 கடைகள் சட்டத்துல 22-ஏ ன்னு ஒரு பிரிவ 2021ல சேத்து, வேலைக்கு நடுவுல நேரம் கெடைச்சா உக்கார எல்லாருக்கும் இருக்கை போடணும்னு நம்ம சட்டசபையே சொல்லிருச்சு, ஆனா நம்ம கவுண்டருக்குப் பின்னாடி சேலைக்கட்டுதான் இருக்கு. காலைல ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பதரை, தீபாவளின்னா கேக்கவே வேணாம், காலு வீங்கி நரம்பு சுருட்டிக்கிட்ட அக்காமாரு எத்தன பேருன்னு உங்களுக்கே தெரியும்.

லேபர் ஆபீஸுக்கு ஆறு தடவ போனேன், பஸ் காசு என் காசு. ஒரு கடையில (பேரு வேணாம்) ஆய்வுக்கு வந்த அன்னைக்குப் பன்னெண்டு ஸ்டூல் எறங்குச்சு, மறுநாளே மாடி குடோனுக்கு ஏறிருச்சு. இன்னொரு கடையில ஸ்டூல் கெடக்கு, உக்காந்தா கேமராவுல பாத்துட்டு மைக்ல பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. மூணு கடையில மட்டும் நெசமாவே உக்காருறாங்க, ஏன்னா அந்த மூணுலயும் எல்லாருமா சேந்து மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. குடோன் கடையில ரெண்டே பேரு. மத்தவங்க "அண்ணே எங்க பேரு வேணாம், ஆனா ஸ்டூல் வாங்கிக் குடுத்துருங்க"ன்னாங்க. எப்பிடி வாங்குறது?

2024 செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில சங்கத்த அங்கீகரிக்கச் சொல்லி 37 நாள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. நம்ம சங்கத்துக்குப் பதிவு இருக்கு, ரசீது புக் இருக்கு, சந்தாதான் வரல. மாசம் 20 ரூவா, ஒரு டீ ஒரு வடை காசு. பாதிக்கு மேல பாக்கி. போனஸ் சமயத்துல மட்டும் "தோழர் எவ்வளவு வரும்"னு போன் வருது, சந்தான்னு சொன்னா சிக்னல் இல்ல.

வரவு செலவு பொருளாளர் கையில இருக்கு. மோசமில்ல, கையிருப்பு கொஞ்சம் இருக்கு, வாடகை ரெண்டு மாசம் நிக்குது, பில்லு சிலது தேடணும்.

தலைவர், பொருளாளர், நாற்காலி குடுத்த பந்தல்காரர் எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்ல, யாரு வந்தாலும் சாவிய குடுத்துருவேன். ஆனா பதிவு நிக்கணும்னா ஊழியர்ல பத்துல ஒரு பங்கு இல்லாட்டி நூறு பேரு, ரெண்டுல எது கொறச்சலோ அம்புட்டுப் பேரு எப்பவும் உறுப்பினரா இருக்கணும், பாக்கி வச்சவங்கள நீக்கிட்டு எண்ணிப் பாத்தேன், அந்த எண்ணிக்கைய இங்க வாசிக்க வேணாம்னு தலைவர் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல வழக்கமான டீக்கடையில ரசீது புக்கோட இருப்பேன்.